பிடதியில் பூட்டிய இரண்டு வண்டிகள்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் போகும் பழைய சாலையில், நகரத்தின் சந்தடி ஒருவாறு ஓய்ந்து தென்னந்தோப்புகள் தலைகாட்டத் தொடங்கும் இடத்தில், பிடதி என்றோர் ஊர் இருக்கிறது. போஜனப் பிரியர்களுக்கு அவ்வூர் தட்டு இட்லியினால் பரிச்சயம்; மோட்டார்ப் பிரியர்களுக்கோ அங்கிருக்கும் டொயோட்டா கிர்லோஸ்கர் தொழிற்சாலையினால். உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றை முன்னிட்டு மைசூருக்குப் போக நேர்ந்தபோது, பெண்ணின் தகப்பனார் பெரிய மனது பண்ணி எனக்கென்று அனுப்பியிருந்த டொயோட்டா கேம்ரி வண்டியில் ஏறிக்கொண்டு, அவ்விரண்டு கீர்த்திகளுள் முதலாவதை மட்டுமே மனத்திற் கொண்டவனாய், பிடதியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

டிரைவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். பதினைந்து வருஷமாகப் பெரிய வண்டிகளையே ஓட்டிப் பழகியவர். சாஸர் அளவுக்குத் தட்டையாக வெந்து, தலையில் வெண்ணெய் உருகி வழிய வந்த இட்லியைப் பிட்டுக்கொண்டே அவர் பேச்சை ஆரம்பித்தார்.

"நாளைக்குத் திரும்புறப்ப உங்களுக்கு லெக்ஸஸ் சார். ஓனர் அதைத்தான் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார்."

"அது இதைவிட உசத்தியாச்சே?"

"உசத்திதான். ஆனா ரெண்டையும் இதோ இந்த ஊர்லதான் சார் பூட்டுறாங்க. என்ஜின் ஒண்ணு, கியர் ஒண்ணு."

"அப்புறம் அதுக்கு மட்டும் எதுக்கு அத்தனை விலை?"

"அது பின்னால உக்காருறவங்க கேக்க வேண்டிய கேள்வி சார். நான் முன்னால உக்காருறவன். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு, அவர் சட்னிக் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

அவர் சொன்னது பெரும்பாலும் அட்சர சுத்தமான உண்மை. 2018-ஆம் ஆண்டை ஒட்டி வெளிவந்த தலைமுறையைச் சேர்ந்த கேம்ரி ஹைபிரிட், லெக்ஸஸ் ஈ.எஸ். 300 எச் ஆகிய இரண்டு வண்டிகளின் முன்மூடியையும் திறந்து பார்த்தால், இரண்டிலும் 2,487 சி.சி. கொள்ளளவுள்ள நான்கு சிலிண்டர் பெட்ரோல் என்ஜினும், அதற்குத் துணையாக ஒரு மின்மோட்டாரும் அமைந்திருப்பதையும், இரண்டும் சேர்ந்து தருகிற சக்தி இரு வண்டிகளிலும் 218 குதிரைசக்தி என்று ஒரே கணக்காக இருப்பதையும் காணலாம். அடியில் இருக்கும் தளமும் ஒன்றே; ஜி.ஏ.-கே என்று டொயோட்டா பொறியாளர்கள் பெயரிட்டிருக்கும் அத்தளத்தை மோட்டார் உலகத்தார் பிளாட்ஃபார்ம் என்று வழங்குகிறார்கள். அதை வெறும் தரைத் தகடு என்று எண்ணிவிடலாகாது. சக்கரங்கள் எந்த இடத்தில், எவ்விதம் தொங்கவேண்டும், என்ஜின் எதன்மீது அமரவேண்டும், மோதல் நேர்ந்தால் அந்த அதிர்ச்சி எந்த இரும்புச் சட்டங்களின் வழியே பரவிச் சிதறவேண்டும், ஓட்டுநரின் இருக்கை எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும் என்பன போன்ற, கோடிக்கணக்கில் பணத்தையும் வருஷக்கணக்கில் பரிசோதனையையும் விழுங்குகிற பிரச்சினைகளுக்கெல்லாம் ஒருமுறை கண்டுபிடித்த விடைகளின் தொகுதியே அது. ஒரு முறை கண்ட விடையைப் பல வண்டிகளுக்குப் பயன்படுத்திக்கொள்ளாத ஸ்தாபனம் இன்றைய வியாபாரத்தில் நெடுநாள் பிழைத்திருக்க முடியாது.

சாப்பிட்டு முடித்ததும், அந்தத் தட்டு இட்லிக்கென்று மாவு ஏதாவது பிரத்தியேகமாக உண்டா என்று ஓட்டல்காரரை விசாரித்தேன். மாவு சாதாரண இட்லி மாவுதான் என்றும், மிருதுவாக இருக்கும்பொருட்டு ஊறவைத்த அவலோ ஜவ்வரிசியோ கொஞ்சம் சேர்த்து அரைப்பது வழக்கம் என்றும், மற்றதெல்லாம் தட்டின் வேலை என்றும் அவர் சொன்னார். தம்மை அறியாமலே அவர் நவீன மோட்டார்த் தொழிலின் ரகசியத்தைச் சொல்லிவிட்டார் என்று எனக்குப் பட்டது.

இனி விலையைப் பார்ப்போம். 2019 ஜனவரியில் கேம்ரி நம் நாட்டில் விற்பனைக்கு வந்தபோது அதன் எக்ஸ்-ஷோரூம் விலை 36.95 லட்சம் ரூபாய். பிடதியில் பூட்டப்பட்ட ஈ.எஸ். சரியாக ஓராண்டு கழித்து, 2020 ஜனவரியில் வந்தபோது அதன் ஆரம்ப விலை 51.90 லட்சம். இடைவெளி ஏறக்குறைய 15 லட்சம். அதாவது, ஒரு நடுத்தரக் குடும்பம் பல வருஷங்கள் திட்டம் போட்டு வாங்குகிற நல்ல காரொன்றின் முழு விலை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. அதே ஈ.எஸ். 2018 ஜூலையில் ஜப்பானிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வந்து இறங்கியபோது அதன் விலை 59.13 லட்சமாக இருந்தது. பாகங்களாக வந்து கர்நாடகத்தில் பூட்டப்பட்டதும், அதன் ஆரம்ப விலையில் 7 லட்சத்துக்கு மேல் கரைந்துபோயிற்று. ஆகவே, "விலை அதிகமானால் வஸ்து உயர்ந்தது" என்று நம்புகிறவர்கள், தாங்கள் மதித்த உயர்வில் ஒரு பகுதி சுங்க இலாகாவினுடையது என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே ஸ்தாபனம் தன் சரக்கைப் பல பெயர்களில், பல விலைகளில் விற்கிற இந்த ஏற்பாட்டுக்குச் சாஸ்திரம் வகுத்தவர் ஜப்பானியர் அல்லர். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவராயிருந்த ஆல்பிரட் ஸ்லோன். ஹென்றி ஃபோர்டு ஒரே கறுப்பு வண்டியை எல்லோருக்கும் விற்றுக்கொண்டிருந்த காலத்தில், அவரவர் மடியின் கனத்துக்கும் அவரவர் தேவைக்கும் தக்கபடி ஒரு கார் இருக்கவேண்டும் என்ற கொள்கையை 1924-ஆம் வருஷத்துப் பங்குதாரர் அறிக்கையில் அவர் வெளியிட்டார். கீழ்ப்படியில் ஷெவர்லே, உச்சியில் காடிலாக், இடையில் பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் என்று அமைந்த அந்த ஏணியில், சம்பளம் ஏற ஏற மனிதனும் ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டிருப்பான், ஏறுகிற ஒவ்வொரு படியிலும் பணம் ஒரே கல்லாவில் விழும் என்பதே அதன் சூட்சுமம். படிகளுக்கிடையே மெய்யான வித்தியாசம் இருந்தவரையில் அந்த ஏணி ஆடாமல் நின்றது. ஓல்ட்ஸ்மொபைலுக்கென்று தனி என்ஜின், பியூக்கிற்கென்று தனி என்ஜின், காடிலாக்குக்கென்று தனித் தொழிற்சாலை என்று இருந்த நாட்களில், அண்டை வீட்டுக்காரர் படியேறியதை அவர் வண்டியின் சப்தத்தைக் கொண்டே தெரு முழுவதும் தெரிந்துகொண்டது.

செலவைக் குறைக்கும் ஆசை மிஞ்சியபோதுதான் ஏணி ஆடத் தொடங்கியது. 1977-இல், ஓல்ட்ஸ்மொபைல் வாங்கியவர் ஒருவர் தம் வண்டியைச் சர்வீஸுக்கு விட்டபோது, அந்த வண்டிக்கென்று கொண்டுவந்த உதிரிப்பாகம் என்ஜினில் பொருந்தாமற்போய், ஏனென்று ஆராய்ந்ததில், உள்ளே இருப்பது ஷெவர்லேயின் என்ஜின் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அந்த ஷெவர்லே என்ஜின் நல்ல என்ஜின் என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஓல்ட்ஸ்மொபைலுடையதைவிட மோசமானதென்று யாரும் நிரூபிக்கவுமில்லை. எனினும் நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன. பத்திரிகைகள் இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்து "ஷெவிமொபைல்" என்று பரிகசித்தன. ஸ்தாபனம் நஷ்டஈடு கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டது. பண்டம் கெட்டுப்போனதற்காக வாங்கியவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரு குலத்துப் பெண் என்று சொல்லி வேறொரு குலத்துப் பெண்ணைக் கட்டிவைத்த கல்யாணத் தரகனிடம் வருகிற கோபம் எதுவோ, அந்தக் கோபம் அவர்களுக்கு வந்தது.

அதிலிருந்து பாடம் கற்றுக்கொள்ளாமல், ஜெனரல் மோட்டார்ஸ் சில வருஷங்களுக்குள் சிமரான் என்ற காடிலாக்கை வெளியிட்டதுதான் ஆச்சரியம். 1982-ஆம் ஆண்டு மாடலாக வந்த அந்த வண்டி, ஷெவர்லே கவாலியர் என்ற எளிய சிறு காரின் உடன்பிறப்பு. பாண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக் ஆகிய மற்ற மூன்று படிகளிலும் அதன் சகோதரர்கள் ஏககாலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். தோல் இருக்கையும் நல்ல கம்பளமும் போட்டு, முகப்பில் காடிலாக் முத்திரையைப் பதித்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள். ஆனால் 1.8 லிட்டர் கொள்ளளவும் 88 குதிரைசக்தியும் கொண்ட அந்த நான்கு சிலிண்டர் என்ஜின், 1914-க்குப் பிறகு எந்தக் காடிலாக்கிலும் இல்லாத அற்ப என்ஜின், மேட்டில் ஏறும்போதெல்லாம் தன் பூர்வோத்தரத்தை உரத்த குரலில் சொல்லிக்கொண்டே ஏறிற்று. எவர்சில்வர் டம்ளரில் குடித்த அதே காப்பியை வெள்ளி டம்ளரில் ஊற்றிக் கொடுத்து இரட்டிப்புக் காசு கேட்டால், முதல் நாள் வேண்டுமானால் ஒருவன் கொடுப்பான். 1988-இல் சிமரான் நின்றுபோயிற்று. ஆனால் ஒரு பெயர் பல தலைமுறைகளாகச் சேர்த்துவைத்த கௌரவத்தை ஒரு வண்டி எவ்வளவு சுருக்கமாகச் செலவழித்துவிடலாம் என்பதற்கு மோட்டார்த் தொழிலார் இன்றைக்கும் அதையே திருஷ்டாந்தமாகக் காட்டுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கூத்து நடந்துகொண்டிருந்த அதே காலத்தில் ஜப்பானில் வேறொரு யோசனை உருவாகிக்கொண்டிருந்தது. 1981-இலிருந்து அமெரிக்காவுக்கு ஜப்பான் ஏற்றுமதி செய்யும் கார்களின் எண்ணிக்கையை ஆண்டுக்கு 16,80,000 என்று ஜப்பானிய அரசாங்கமே, அமெரிக்காவின் நிர்ப்பந்தத்துக்கு இணங்கி, வரம்பு கட்டியிருந்தது. எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டால், வியாபாரியாய்ப் பிறந்தவன் அடுத்தபடி நினைப்பது, உருப்படி ஒவ்வொன்றிலும் லாபத்தை உயர்த்துவது எப்படி என்பதைத்தான். ஹோண்டா 1986-இல் அக்யூரா என்ற பெயரில் தனிக்கடை திறந்தது. நிஸான் 1989-இல் இன்ஃபினிட்டி என்ற பெயரை எடுத்துக்கொண்டு, வண்டியையே காட்டாமல் மரங்களையும் கற்களையும் காட்டி விளம்பரம் செய்து, அமெரிக்கர்களைத் திகைக்கவைத்தது. டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடாவோ 1983 ஆகஸ்டிலேயே, உலகத்தின் மிகச் சிறந்த காருக்கு ஈடு கொடுக்கும் காரொன்றை நம்மால் செய்ய முடியுமா என்று தம் சகாக்களைக் கேட்டிருந்தார். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க ஆறு வருஷமும் சுமார் 450 மாதிரி வண்டிகளும் நூறு கோடி டாலருக்கு மேற்பட்ட பணமும் பிடித்தன. 1989-இல் அது எல்.எஸ். 400 என்ற பெயரில், லெக்ஸஸ் என்ற புதிய முத்திரையோடு அமெரிக்க வீதிகளில் இறங்கிற்று.

அந்த வண்டியின் பிரதம பொறியாளர் இச்சிரோ சுஸுகி கையாண்ட முறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வதற்கு வாசகர்கள் அனுமதிப்பார்கள் என்று நம்புகிறேன். என் அபிப்பிராயத்தில் இந்த விஷயம் முழுவதற்கும் திறவுகோல் அங்கேதான் இருக்கிறது. காரில் சப்தம் கேட்டால் சாமானியப் பொறியாளர் செய்வது, சப்தம் வரும் இடத்துக்கும் காதுக்கும் நடுவே ஒரு மெத்தையைத் திணிப்பது. மெத்தை கனக்கும், கனம் ஏறினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், வேகம் குறையும். சுஸுகியோ, வேகமும் வேண்டும், சிக்கனமும் வேண்டும், நிசப்தமும் வேண்டும், ஒன்றுக்காக இன்னொன்றை விட்டுக்கொடுக்கலாகாது என்று பிடிவாதம் பிடித்தவர். மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தை எட்டக்கூடிய வி-8 என்ஜினை வைத்துக்கொண்டு இதைச் சாதிக்க வேண்டுமானால், சப்தத்தை அது பிறக்கிற இடத்திலேயே பிறக்காமற் செய்வதொன்றே வழி. என்ஜினின் சுழலும் பாகங்களை வழக்கத்தைவிடப் பன்மடங்கு துல்லியமாகக் கடையவேண்டும். அதிர்வு எங்கிருந்து கிளம்புகிறதென்று மூலத்தைத் தேடி அங்கேயே அடக்கவேண்டும். "மூலத்தில் திருத்துதல்" என்ற இந்தக் கோட்பாட்டைச் சுஸுகியின் ஆட்கள் வேதம்போல் பாராயணம் செய்தார்கள். என்ஜினுக்கு மேலே, முன்மூடியின்மீது ஷாம்பேன் கிண்ணங்களைக் கோபுரமாக அடுக்கிவைத்து, சக்கரங்களை உருளைகளின்மேல் அசுர வேகத்தில் சுழலவிட்டு, ஒரு கிண்ணமும் அசையாமல் நிற்பதைக் காட்டிய அவர்களுடைய தொலைக்காட்சி விளம்பரம் அந்த நாட்களில் பிரசித்தம். சிமரான் போர்வை, எல்.எஸ். மூலம். ஒரே ஸ்தாபனத்தின் இரண்டு பெயர்களை ஒப்பிட விரும்புகிறவர், விலையில் இருக்கும் வித்தியாசம் போர்வையில் செலவாகியிருக்கிறதா, மூலத்தில் செலவாகியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும்.

ஆனால் லெக்ஸஸ் கடையின் கதவு திறந்த அந்த முதல் நாளிலேயே, உள்ளே இரண்டு வண்டிகள் நின்றன என்பதைப் புகழ் பாடுவோர் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். எல்.எஸ். 400-க்குப் பக்கத்தில், ஒரே ஒரு வண்டியை வைத்துக்கொண்டு கடை நடத்த முடியாதென்ற காரணத்தால் அவசரமாகக் கொண்டுவந்து நிறுத்தப்பட்ட ஈ.எஸ். 250 இருந்தது, அது ஜப்பானில் ஓடிய ஒருவகைக் கேம்ரிக்கு நல்ல உடை உடுத்தி அழைத்துவந்ததே. இரண்டு வருஷத்துக்குள் அதை மாற்றிவிட்டு, ஈ.எஸ். 300 என்று ஒழுங்காகச் செய்த வண்டியொன்றைக் கொண்டுவந்தார்கள். மறுநாள் எனக்காக வரவிருந்த லெக்ஸஸ், அந்த வம்சத்தில் வந்த கொழுந்து.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் லெக்ஸஸ் என்று மேட்டுக்குடியார் கொண்டாடிய எல்.எஸ்., தான் பிறந்த ஜப்பானில் டொயோட்டா செல்ஸியார் என்ற பெயரில், டொயோட்டாவின் முத்திரையோடு, டொயோட்டாவின் கடையிலேயே விற்றது. ஈ.எஸ். அங்கே டொயோட்டா விண்டம். 2005 ஆகஸ்டில்தான் ஜப்பானில் லெக்ஸஸ் கடைகள் திறக்கப்பட்டன. அதாவது, பதினாறு வருஷகாலம் ஒரே யந்திரம் பசிபிக் சமுத்திரத்தின் ஒரு கரையில் பிரபுவாகவும் மறு கரையில் சொந்தக் குடும்பத்து மூத்த பிள்ளையாகவும் வாழ்ந்தது. ஜப்பானியர் அதை விரும்பி வாங்கினார்கள். தங்களுக்கு ஏதோ குறைந்துவிட்டதென்று யாரும் புலம்பவில்லை.

அப்படியானால் புதுப் பெயருக்கு அவசியந்தான் என்ன? அமெரிக்கனுக்கு டொயோட்டா என்றால், சிக்கனமான, நம்பகமான, பக்கத்து வீட்டு ஆசிரியர் ஓட்டுகிற வண்டி. 35,000 டாலரை நீட்டுகிறவனுக்கு அந்த ஞாபகம் வரலாகாது. ஆகவே வேறு பெயர், வேறு கடை, வேறு உபசாரம். இவற்றுள் உபசாரத்தை வெறும் பகட்டென்று நான் தள்ளமாட்டேன். விற்பனை தொடங்கிச் சில மாதங்களுக்குள், 1989 டிசம்பரில், பின்பக்க விளக்கொன்றும் மின்கம்பி இணைப்பும் பற்றி இரண்டே இரண்டு வாடிக்கையாளர்கள் குறை சொன்னதன்பேரில், அதுவரை விற்றிருந்த ஏறக்குறைய 8,000 வண்டிகளையும் திருத்திக் கொடுப்பதென்று லெக்ஸஸ் தீர்மானித்தது. வண்டியைக் கொண்டுவந்து விடுங்கள் என்று கடிதம் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. ஆட்கள் வீடு தேடிப் போய் வண்டியை எடுத்துவந்து, பழுது பார்த்து, கழுவித் துடைத்துத் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். 20 நாளில் வேலை முடிந்தது. குற்றத்தையே விளம்பரமாக்கிக்கொண்ட அந்தச் சாமர்த்தியம் டொயோட்டாவின் பெரிய வியாபாரத்தில் சாத்தியப்பட்டிருக்குமா என்று கேட்டால், லட்சக்கணக்கான வண்டிகளுக்கு வீடு தேடிப் போக எந்த ஸ்தாபனத்தாலும் ஆகாது என்பதே நேர்மையான பதில். உயர்ந்த பெயருக்குக் கொடுக்கிற விலையில் ஒரு பங்கு, நம்மைப் போன்ற வாடிக்கையாளர்கள் குறைவாக இருப்பதற்காகக் கொடுக்கிற விலை.

கை வேலையும் உண்டு. லெக்ஸஸ் தொழிற்சாலைகளில் "தகுமி" என்ற பட்டம் பெற்ற தலைமைக் கைவினைஞர்கள் இருக்கிறார்கள். கியூஷூ தீவிலுள்ள மியாதா தொழிற்சாலையில், ஒருவர் அந்த நிலைக்கு வரவேண்டுமானால் காகிதத்தை மடித்துப் பூனை உருவம் செய்துகாட்டவேண்டுமாம். அதுவும் பழகாத கையினால் மட்டும், 90 வினாடிக்குள். வலக்கைப் பழக்கமுள்ளவன் இடக்கையினாலேயே பூனையின் காதை நிமிர்த்தக் கற்றுக்கொண்டால், தோல் உறையின் தையலில் ஒரு நூலிழை கோணியிருப்பதையும், வர்ணத்தில் ஒரு தூசி படிந்திருப்பதையும் அவனுடைய விரல் கண்டுபிடித்துவிடும் என்பது அவர்களுடைய சித்தாந்தம். காகிதப் பூனைக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று முதலில் சிரித்தவன்தான் நானும். பிறகு, எங்கள் ஊர்ப் பொற்கொல்லர் ஒருவர், மாணவனுக்கு முதல் ஆறு மாதம் பித்தளைக் கம்பியைத் தவிர வேறெதையும் தொடவிடாமல் வைத்திருந்ததை நினைத்துக்கொண்டேன், சிரிப்பு அடங்கிவிட்டது.

கல்யாணம் முடிந்து மறுநாள் மத்தியானம் லெக்ஸஸ் வாசலில் வந்து நின்றது. பார்வைக்குக் கேம்ரியைவிடத் தாழ்ந்து நீண்டு தெரிந்தது. அளவில் பார்த்தால் 4,885 மில்லிமீட்டருக்கு எதிரே 4,975. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவேயுள்ள தூரம் கேம்ரியில் 2,825, இதில் 2,870. வித்தியாசம் 45 மில்லிமீட்டர், அதாவது இரண்டரை விரற்கடை. ஓட்டல்காரர் சேர்த்த அவல் இதுதான் போலும். அந்த இரண்டரை விரற்கடையும் ஏறக்குறைய முழுவதுமாகப் பின்னால் உட்காருகிறவனின் முழங்காலுக்கே அர்ப்பணமாகியிருப்பதைக் காலை நீட்டியதும் உணர்ந்தேன். பின்னிருக்கையின் முதுகைப் பொத்தானை அழுத்திச் சாய்க்கும் வசதி இரண்டு வண்டியிலும் இருந்தது. இதைக் குறித்துக் கேம்ரியைக் குறை சொல்ல இடமில்லை.

வித்தியாசம் சாலையில்தான் தெரிந்தது. மைசூரைத் தாண்டியதும், வெட்டிப் போட்டு மண் தூர்த்த குறுக்குப் பள்ளங்கள் வரிசையாக வந்த ஓரிடத்தில், முந்தினநாள் கேம்ரி ஒவ்வொரு பள்ளத்தையும் மரியாதையாக ஆனால் தெளிவாக எனக்கு அறிவித்துக்கொண்டே சென்றிருந்தது. லெக்ஸஸ் அறிவிக்கவில்லை. அதன் ஷாக் அப்சார்பருக்குள்ளே, எண்ணெய் மிக மெதுவாக அசையும்போதுகூட எதிர்ப்பைக் கொடுக்கவல்ல ஒரு நுண்ணிய வால்வைக் கூடுதலாக அமைத்திருக்கிறார்கள். பெரிய குழிக்கு எல்லா ஷாக் அப்சார்பர்களும் வேலை செய்யும், சாலையின் சிறு நடுக்கத்துக்கு இதுதான் வேலை செய்யும். அலாய் வீலின் உட்புறத்தில் காற்றறையொன்றை வைத்து, டயருக்குள் எழும் ரீங்காரத்தை அங்கேயே விழுங்கவைத்திருக்கிறார்கள். தரைக்கு விரித்திருக்கும் ஒலியுறிஞ்சு விரிப்பும் தாராளம். இவற்றுள் முதலிரண்டும் மூலத்தில் செய்த வேலை, மூன்றாவது போர்வை. சுஸுகி காலத்து வைராக்கியம் முழுவதும் இந்த வண்டியில் இருக்கிறதென்று சொல்லமுடியாது. என்றாலும் சிமரானின் பாபம் இதில் இல்லை. மேட்டில் ஏறும்போது மட்டும், என்ஜின் சற்று உரத்துப் பேசியபோது, அந்தக் குரல் கேம்ரியின் குரலே என்பதை என் செவி அடையாளம் கண்டுகொண்டது.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு வாங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது சுருக்கமானது. தாமே ஓட்டுகிறவர் கேம்ரியை வாங்கலாம். மிச்சப்பட்ட பணத்துக்கு வேறு நல்ல வழிகள் இருக்கின்றன. பின்னால் அமர்ந்து கோப்புகளைப் புரட்டிக்கொண்டோ கண்ணை மூடிக்கொண்டோ தினமும் இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்கிறவர், அந்த இரண்டு மணி நேரத்துக்குத் தாம் என்ன மதிப்புப் போடுகிறார் என்று கணக்குப் பார்த்துவிட்டு, மனச்சாட்சி உறுத்தாமல் லெக்ஸஸை வாங்கலாம். என்ஜின் ஒன்றாயிருப்பதைக் குறையென்று நினைக்கவேண்டாம். உலகம் முழுவதும் லட்சக்கணக்கில் ஓடி, தன் பலவீனங்களையெல்லாம் பிறர் செலவில் வெளிப்படுத்தித் திருத்திக்கொண்ட யந்திரம், ஆயிரக்கணக்கில் மட்டுமே செய்யப்படும் அபூர்வ யந்திரத்தைவிட வாங்குகிறவனுக்குப் பத்திரமானது. பணிமனையில் இரு வண்டிகளுக்கும் எந்தெந்த உதிரிப்பாகம் பொது, எது தனி என்று கேட்டுவைத்துக்கொள்வதிலும் வெட்கமில்லை.

இந்த வித்தையைக் காண நம்மவர்கள் ஜப்பானுக்குப் போகவேண்டியதுமில்லை. சென்னையை அடுத்த ஒரகடத்தில் நிஸான் மைக்ராவும் ரெனோ பல்ஸும் அக்கம்பக்கத்தில் பிறந்தன. இரண்டும் ஒரே கார், மூக்கில் மட்டும் வேறுபாடு. அங்கேயே 2014-இல் டாட்ஸன் கோ என்ற மலிவான வண்டியைச் செய்து, நிஸான் ஸ்தாபனம் கீழ்ப்படியொன்றைப் போட்டுப் பார்த்தது. மலிவு என்பதையே முகவரியாக எழுதிக்கொண்டு வந்த வண்டியில் ஏறி உட்கார நம் ஜனங்கள் முந்தவில்லை. 2022-இல் அந்தப் பெயர் மறைந்தது. ஏணியில் மேலே ஒரு படி சேர்ப்பதைவிடக் கீழே ஒரு படி சேர்ப்பது கஷ்டமானது போலும். அவுரங்காபாத்தில் ஸ்கோடா தொழிற்சாலைக்குள்ளேயே ஆடி வண்டிகளும் பூட்டப்பட்டுவந்ததை அறிந்தவர்கள், எந்த முத்திரையைப் பார்த்தாலும் முன்மூடியைத் திறந்து பார்க்கும் வழக்கத்தைப் பழகிக்கொள்கிறார்கள்.

திரும்பும் வழியில் பிடதி வந்ததும், சொல்லிவைத்தாற்போல் வண்டி பழைய ஓட்டல் வாசலில் போய் நின்றது. எதிரே சாலையில் கன்னட சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு ஒரு டெம்போ நின்றிருந்தது. கரும்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போய்க்கொண்டிருந்தன. இறங்கியதும் டிரைவரிடம் கேட்டேன்:

"இந்த வண்டிய எத்தனை நாளா ஓட்டுறீங்க?"

"மூணு வருஷம் ஆகப்போவுது சார்."

"ஒரு நாளாவது பின்னால உக்காந்து பாத்திருக்கீங்களா?"

அவர் சிரித்தார். "நான் எதுக்கு சார் பின்னால உக்காரப்போறேன்?"

"இப்ப உக்காருங்க. இட்லி வர்றதுக்கு நேரமிருக்கு."

கூச்சப்பட்டுக்கொண்டே, செருப்பை வெளியில் கழற்றிவிட்டு, இருக்கையின் விளிம்பில் அவர் உட்கார்ந்தார். நன்றாகச் சாய்ந்து உட்காரும்படி சொல்லிவிட்டு, வெளியில் நின்றபடி கதவைத் தள்ளினேன். அது அழுத்தமாக, தாழ்ந்த ஒரே ஓசையுடன் மூடிக்கொண்டது. அவர் முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு, சாலையில் கடந்துபோன லாரியைப் பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய புருவம் மெல்ல உயர்ந்தது. என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.